பங்குனி வரைக்கும்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. அந்தப் பைய இப்பிடிக் குடுங்க, என்ர காலடியில கெடக்கட்டும். ஈரோடா? நானும் ஈரோடுதானுங்க. முன்னால ஜன்னலோரமா, கம்பியில தலையச் சாச்சுக்கிட்டு ஒருத்தரு கண்ண மூடிட்டு வர்றாரே, தெரியுதுங்களா? வெள்ளைச் சட்டை. அதுதானுங்க என்ர காசு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ரிட்டயர் ஆனப்ப என்ர கைக்கு வந்தது மொத்தமும் அந்தச் சீட்டுல உக்காந்து போயிட்டிருக்குது. பக்கத்துல உக்காந்தா நான் பேசிக்கிட்டே வருவேனாமா, தூங்க முடியலயாமா. அதனால என்னை இங்க பின்னால தாட்டி உட்டுட்டான். சரி, காசு கண்ணு முன்னால இருந்தாப் போதும்னு நானும் வந்துட்டேன்.

ஐயோ, இந்த டிரைவர் பையன் கெளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டறான் பாருங்க. வண்டி எப்பிடி முனகுது. கவர்மெண்டு பஸ் ஓட்டுனவனுங்க நானு. பின்னால உக்காந்தாலும் கால் தானா பிரேக்கத் தேடும். எங்க ஊட்டுக்காரி சொல்லுவா, சோறு திங்கறப்பக் கூட உங்க எடது கை கியர் போடுதுன்னு.

என்ர பேரு நாச்சிமுத்துங்க. அவன் சென்னியப்பன். காங்கயத்துல களத்துக்காரச் சென்னியப்பன்னா ஒரு காலத்துல சின்னக் கொழந்தையும் வழி காட்டும். தேங்கா வாங்கி, ஒடச்சு, களத்துல காய வெச்சு, கொப்பரைப் பருப்பாக்கி எண்ணெய் மில்லுக்கு ஏத்தி உடற யாவாரம். பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னால நான் லாரி ஓட்டுனேன், அப்ப அவன் என்ர லாரியில மூட்டை ஏத்தற ஆளு. நான் கவர்மெண்டு சம்பளத்துக்குப் போயிட்டேன். அவன் மொள்ள மொள்ள ஒரு களம் போட்டு மொதலாளி ஆயிட்டான். ஆனாலும் என்னைக் கண்டா எந்திரிச்சு நிப்பானுங்க. அந்த மருவாதிய நான் எப்பவும் சொல்லுவேன்.

நான் ரிட்டயர் ஆனப்ப என்ர மகன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, பணத்த பேங்க்குல போடுங்கப்பான்னான். நான் கேட்டேன், பேங்க்குக்காரன் என்ன என்ர சம்பந்தியாடா? சென்னியப்பன் களத்துல போட்டா வட்டியும் எச்சா வரும், தீவாளிக்கு ஒரு டின்னு எண்ணெயும் வரும். ஊர்ல எல்லாரும் அவங்கிட்டத்தான் போட்டிருந்தாங்க. பால் ஊத்தற ராக்கியப்பன் கூடப் போட்டிருந்தாரு.

அப்பறம் என்னங்க. வெல ஏறும் ஏறும்னு குடோன் நெறைய பருப்ப அடுக்கி வெச்சான். வெல எறங்குச்சு. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னு வெச்சிருந்தான். மழை புடிச்சுது. பருப்புப் பூரா பூசணம். கெரகம் புடிச்சா கோமணமும் பாம்பாவும்னு சும்மாவா சொன்னாங்க. வாங்குன கடனுக்கு வட்டி கட்ட வேற எடத்துல கடன் வாங்குனான். கடைசியில ஒரு நாளு மஞ்ச நோட்டீசுதான்னு ஊருக்குள்ள பேச்சு வந்துருச்சு.

மஞ்ச நோட்டீசு தெரியுமல்லங்க? என்னால கட்ட முடியலீங்க, இருக்கறத எடுத்துப் பங்கு போட்டுக்கங்கன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கறது. யாரு யாருக்கெல்லாம் கடனோ அவங்க பேரையெல்லாம் எழுதோணும். அவங்க ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் கோர்ட்டுல இருந்து காகிதம் வரும். காகிதம் வந்த ஊட்ல அன்னிக்கு எழவு உழுந்தாட்டத்தான் இருக்கும்.

வக்கீலு அந்தப் பேரையெல்லாம் எழுதற அன்னிக்கு இவன் என்ர ஊட்டுக்கு வந்தான். வாசப்படி ஏறல. வெளியவே நின்னுட்டு, "நாச்சி, உன்ர பேரையும் எழுதச் சொல்றாரு. எழுதாம உட்டா உனக்குப் பங்கு வராதாமா"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏன்டா, பால்காரனும் நானும் உனக்கு ஒண்ணாடா? வட்டிக்கடைக்காரங்கூட என்னையும் சேத்து எழுதுவியா? எழுதித்தான் பாரு, வர்ற நோட்டீஸ இதே வாசல்ல கிழிச்சுப் போட்டுட்டு உன்ர மொகத்துலயே முழிக்க மாட்டேன்"னேன். நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரே தார்ப்பாய்க்குள்ள மழைக்கு ஒதுங்கிப் படுத்தவனுங்க, அவன் எனக்குக் கோர்ட்டுக் காகிதம் அனுப்பலாமா? அது அவமானமுங்களா இல்லீங்களா?

அவன் அங்கயே குத்த வெச்சு உக்காந்து அழுதான். போயிட்டான். மறுநாளு ஒரு மஞ்சப் பையில எதையோ சுத்தி எடுத்துட்டு வந்தான். இன்சூரன்ஸ் பத்திரம். கல்யாணம் ஆன புதுசுல யாரோ ஏஜென்ட் கால்ல உழுகாத கொறையாக் கேட்டான்னு போட்ட பாலிசி, பெரிய தொகை.

"எல்லாத்தையும் கோர்ட்டு எடுத்துக்கும் நாச்சி. களம், ஊடு, வண்டி எல்லாம் போயிரும். இது மட்டும் போவாதாமா. லைஃப் இன்சூரன்ஸ் பணத்துல கடன்காரன் கை வெக்க முடியாதாமா, சட்டமே அப்பிடித்தான்னு வக்கீலு சொல்றாரு. இது மெச்சூர் ஆவறப்ப வர்றது முழுசும் உனக்கு. தெய்வானைகிட்டக் கூடச் சொல்லல. இது என்ர வாக்கு"ன்னு என்ர கையில வெச்சான்.

தெய்வானைங்கறது அவன்ர சம்சாரம். கொழந்த குட்டி கெடையாது.

எங்க பக்கமெல்லாம் எப்பிடின்னா தம்பி, பத்திரம் யாரு பீரோவுல இருக்குதோ சொத்து அவன் கையில இருக்குதுன்னு அர்த்தம். காட்டுப் பத்திரத்தக் குடுத்துட்டுக் கடன் வாங்குவாங்க, கையெழுத்துக் கூடக் கெடையாது, பத்திரம் இருந்தாப் போதும். அதனால நான் வேற ஒண்ணும் கேக்கல. பட்டு வேட்டிக்கு அடியில வெச்சுப் பூட்டிட்டேன். அன்னிக்கு நல்லாத் தூங்கினனுங்க.

ஆச்சு. களத்த ஏலம் உட்டாங்க. வெள்ளகோயில்காரன் ஒருத்தன் எடுத்துட்டான். ஊடும் போச்சு. வித்த பணத்தப் பங்கு போட்டப்ப ரூபாய்க்குக் கொஞ்சம் காசுதான் வந்துச்சு. ராக்கியப்பன் அவருக்கு வந்த பங்குல ஒரு கன்னுக்குட்டி வாங்கிட்டு வந்தாரு. மொத்தப் பணத்துக்கும் ஒரு கன்னுக்குட்டி! நான் டீக்கடையில உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். "ஏனுங்க ராக்கியப்பண்ணா, கன்னுக்குச் சென்னியப்பன்னே பேரு வெச்சிருங்க"ன்னேன். "உனக்கு அதுவும் இல்லியே நாச்சிமுத்து"ன்னாரு. "எனக்கு வர்றது வேற வழியில வரும், பாத்துக்கிட்டே இருங்க"ன்னு சொல்லிப்போட்டேன். அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிப்போட்டேன். இப்பவும் எவனாச்சும் கேக்கறான், என்னப்பா, வழி இன்னும் வரலியான்னு.

சென்னிமலை வந்துருச்சாட்ட இருக்குது. இருங்க, அவன் முழிச்சுட்டானான்னு பாக்கறேன். இல்ல, அப்பிடியேதான் இருக்கான். கூட்டம் ஏறுது, யாரும் அவன் கை மேல சாயாம இருந்தாச் சரி. எடது கையில ஊசி குத்தற எடம் இருக்குது, அதுல அடி கிடி படக் கூடாது.

எங்க உட்டேன்? ஆங், தவணை. பாலிசின்னா தவணை கட்டோணுமல்ல. கட்டாம உட்டா செத்துப் போவும். அவன்கிட்ட ஏது காசு? வாடகைக்கு ஒரு ஒத்த ரூமு புடிச்சுக் கெடந்தாங்க. நானே கட்டுனேன். எங்க ஊட்டுக்காரி கேட்டா, அவுங்க மாட்டுக்கு நீங்க ஏன் தீவனம் போடறீங்கன்னு. மாடு அவனுது, பாலு எனக்குன்னேன். பென்ஷன்ல இருந்துதான் கட்டறேன். சோத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்லீங்க, மகனும் மாசாமாசம் அனுப்பறான்.

தெய்வானைதான் பாவம், அந்தக் களத்துக்கே கூலிக்குப் போவுது. மொதலாளியம்மாவா சேர் போட்டு உக்காந்த எடத்துல, தரையில உக்காந்து கத்தியால செரட்டையில இருந்து பருப்பு நோண்டுது. கையெல்லாம் வெட்டு. "பழகிப் போச்சுங்கண்ணா"ங்குது. அந்தப் பிள்ளைக்குப் பொறந்த ஊட்லயும் யாருமில்ல. என்னத்தப் பண்றது, அவங்கவங்க தலையெழுத்து.

அப்பறந்தான் இவனுக்குச் சீக்கு வந்துச்சு. மொகம் வீங்கி, கால் வீங்கி, மூச்சு வாங்குது. ரண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. வாரத்துக்கு ரண்டு தாட்டி மிஷின்ல படுக்க வெச்சு ரத்தத்தச் சலிக்கோணும். அதுக்குத்தான் போயிட்டிருக்கோம். செவ்வாயும் வெள்ளியும் எங்க ரண்டு பேருக்கும் ஈரோடுதான்.

அவனுக்குச் சீக்குன்னதும் நான் பத்திரத்த எடுத்துக்கிட்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓடுனனுங்க. ஒரு அம்மிணி கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துப்போட்டு, "ஐயா, பத்திரம் உங்க கையில இருக்கறதால மட்டும் பணம் உங்களுக்கு வந்துடாது. அவர் உயிரோட இருந்தா முதிர்வுப் பணம் அவர் கணக்குக்குப் போகும். அதுக்கு முன்னாடி தவறிட்டா நாமினிக்குப் போகும். நாமினி அவர் மனைவி தெய்வானை"ன்னுது. பத்திரம் தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா வேற காகிதமே குடுத்துருவாங்களாமா. பட்டு வேட்டிக்கு அடியில நான் கட்டி அழுதது வெறும் காகிதந்தான்.

என்ன கேக்கறீங்க? இப்பவாச்சும் உங்க பேருக்கு மாத்தி எழுதி வாங்கலாமல்லன்னா? அதையும் கேட்டேன். எழுதலாமாமா. ஆனா வக்கீலு கூடாதுங்கறாரு. கேசு இன்னும் முடியல. மஞ்ச நோட்டீசு குடுத்தவன் கடன்காரங்கள்ல ஒருத்தனுக்கு மட்டும் ரகசியமா எழுதிக் குடுத்தான்னு தெரிஞ்சா, மத்தவங்க கோர்ட்டுல போய் நிப்பாங்களாமா. எழுதுனதும் செல்லாது, இவனுக்கும் சிக்கலாமா. "நாச்சிமுத்து, உங்க பேர்தான் லிஸ்ட்லயே இல்லையே, நீங்க எந்தக் கடன்காரர்?"ன்னு அந்த வக்கீலு என்னையே கேக்கறாரு.

ஆகமொத்தம் கணக்கு இவ்வளவுதானுங்க. பாலிசி வர்ற பங்குனியில முடியுது. பங்குனி வரைக்கும் அவன் இருந்தா எனக்கு. அதுக்கு முன்னால போனா தெய்வானைக்கு.

உடுவனா நானு? தோள்ல தூக்கிப் போட்டாச்சும் கூட்டிட்டு வந்துருவேன். எத்தனை தண்ணி குடிக்கோணும், எந்த மாத்தர எப்ப, எல்லாம் எனக்குத் தலைப்பாடம். ஒரு டம்ளரு வெச்சிருக்கேன், அதுக்கு மேல ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன். உப்புப் போடாம ரசம் வெக்க எங்க ஊட்டுக்காரி கத்துக்கிட்டா. மிஷின்ல படுத்திருக்கறப்ப அவன் கால் குளுந்து போவும், நான்தான் தேச்சு உடுவேன். நர்சம்மா கேக்குது, நீங்க அவருக்கு அண்ணனான்னு. சிரிச்சு வெச்சேன்.

ஆனா அவன் ஒத்துழைக்கணுமல்ல? நாக்குங்க, நாக்கு! களத்துக்காரன் நாக்கு தேங்கா இல்லாம அடங்குமா? எளநி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. கிட்னி போனவனுக்கு அது வெசமாமா, நெஞ்சே நின்னுருமாமா. நான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல எளநி வாங்கிக் குடிச்சுட்டு நிக்கறான். இன்னொண்ணு வேற வெட்டச் சொல்லியிருக்கான். "ஏன்டா?"ன்னா, "தாகமா இருந்துச்சு"ங்கறான். அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஊசி மேல ஊசி போட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து, சென்னிமலை முருகா, காங்கயத்துல இருந்து காவடி எடுத்து வர்றேன்னு வேண்டிக்கிட்டேன்.

இன்னொரு நாளு பஸ் ஏற வரவே இல்ல. தேடிப் போனா சிவன்மலைப் படியில உக்காந்திருக்கான். மிஷினு ஊசின்னா பயம், சின்னப் பையனாட்ட. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். நான் கூப்பிட்டா வந்துருவானுங்க. அதச் சொல்லோணும். வர மாட்டேன்னு என்ர மொகத்துக்கு நேரா அவன் சொன்னதே கெடையாது.

இதுல தெய்வானை வேற. போன வாரம் என்ர ஊட்டுக்கு வந்து, "நீங்க இல்லீன்னா இவரு எப்பவோ போயிருப்பாருங்கண்ணா. கூடப் பொறந்தவங்க கூட இப்பிடிச் செய்ய மாட்டாங்க"ன்னு என்ர கால்ல உழுந்துருச்சுங்க. வெட்டுப்பட்ட கையோட ஒரு பை நெறையத் தேங்காச் சில்லு கொண்டு வந்து குடுத்துது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் பொய்யொண்ணும் சொல்லலியே. அதுவா உழுந்துது, எந்திரிச்சுது, போச்சு.

சரி, அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. இன்னிக்குக் காத்தால நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அதனாலதான் முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்ட இத்தனையும் கொட்டிட்டு வர்றேன்.

கூட்டிட்டு வர அவன் ஊட்டுக்குப் போனேன். தெய்வானை களத்துக்குப் போயிருந்துது. இவன் சட்டையெல்லாம் போட்டு ரெடியா உக்காந்திருந்தான். எந்திரிடான்னா, "சித்த உக்காரு நாச்சி"ன்னான். உக்காந்தேன்.

"இன்னியோட நிறுத்திக்கலாம்டா. டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துரலாம்"ன்னான்.

"என்னத்தடா நிறுத்தறது?"

"மிஷின."

"கிறுக்குப் புடிச்சிருச்சா? இன்னும் ரண்டு மாசந்தான்டா இருக்குது!"

"அதாம்ப்பா"ன்னான். அப்பிடியே சிரிச்சுக்கிட்டே, பருப்பு வெல சொல்றாப்பல சொல்றானுங்க. "உனக்கு வாக்குக் குடுத்துட்டேன். உசுரோட பங்குனியப் பாத்தன்னா உனக்குக் குடுத்தே ஆவோணும். மாத்தற ஆளில்ல நானு. உனக்குக் குடுத்துட்டா அவ கடைசி வரைக்கும் பருப்பு நோண்டித்தான் சாவோணும். அதுக்கு முன்னாலயே நான் போயிட்டன்னா பணம் தானா அவளுக்குப் போயிருது. நான் வாக்குத் தவறுனதாவும் ஆவாது பாரு. எளநி குடிச்சுப் பாத்தேன், நீ உட மாட்டேங்கற. அதான் உங்கிட்டயே கேக்கறேன்."

என்ர நெஞ்ச நெனச்சுப் பாருங்க தம்பி. ஊரையெல்லாம் மஞ்ச நோட்டீசு குடுத்து ஏமாத்துனான். என்னைச் செத்து ஏமாத்தப் பாக்கறானுங்க! நான் தவணை கட்டி, ரசம் வெச்சு, கால் தேச்சு உட்டு வளத்துன உசுருங்க அது. அத எங்கிட்டயே வந்து, உடுடாங்கறான். நாக்கு நாக்குன்னு நான் திட்டிட்டிருந்திருக்கேன். அவன் எளநிய எதுக்குக் குடிச்சிருக்கான் பாருங்க. சிவன்மலைப் படியில எதுக்குப் போய் உக்காந்திருக்கான் பாருங்க.

"வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். வந்துட்டான். அதான் சொன்னேனல்ல, நான் கூப்பிட்டா வந்துருவான்.

என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஆரன் அடிச்சே காத அடைக்கறான் இவன்.

பணம் வேண்டாம்னு நான் சொல்லிட்டா?

ஆமாங்க. சொல்லிட்டா அவனுக்குச் சாவ வேண்டியதில்ல. பங்குனியில பணம் வரும், அவளுக்கே குடுத்துட்டு, இருக்கற வரைக்கும் இருப்பான். எனக்கு அது தெரியாம இல்லீங்க. காத்தால அவன் சொன்ன உடனே அதுதான் மொதல்ல மனசுல வந்துச்சு. ஆனா சொல்றது உங்களுக்குச் சுலபமுங்க. நீங்க ஈரோட்டுல எறங்கிப் போயிருவீங்க. நான் காங்கயத்துக்குத் திரும்பிப் போவோணும். அந்த டீக்கடையில உக்காரோணும். ராக்கியப்பன் கன்னுக்குட்டி இப்பப் பசுவாகிக் கன்னு போட்டிருச்சு தெரியுங்களா? நோட்டீசு வாங்குனவன் பாலு கறக்கறான். நோட்டீஸ வேண்டாம்னவன் என்னத்தக் கறக்கறது? எல்லாரும் முட்டாள், நான் ஒருத்தன்தான் கெட்டிக்காரன்னு இத்தனை வருசம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடைசியில நாச்சிமுத்துவுக்குத்தான் பட்ட நாமம்னு சிரிக்க மாட்டாங்களா? எங்க ஊட்டுக்காரி என்ன சொல்லுவா? மகன் என்ன சொல்லுவான்?

காசு எனக்கு எதுக்குன்னா கேக்கறீங்க? எதுக்கும் இல்லீங்க. வந்தா பேங்க்குலதான் போடுவேன். போட்டு வெச்சுட்டுச் செத்துப் போவேன். அது எனக்கே தெரியுது. தெரிஞ்சும் வாய் வர மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்?

வெள்ளோடு தாண்டிட்டோம். இனி வெரசா வந்துரும்.

இன்னொண்ணு கேட்டீங்க பாருங்க, பங்குனிக்கு அப்பறமும் அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வருவீங்களான்னு. இதென்னங்க கேள்வி? வருவேனுங்க. வராம? வருவேன்னுதான் நெனைக்கறேன். செவ்வாயும் வெள்ளியும் வேற எங்க போறது எனக்கு? அவன் இல்லீன்னா எனக்குப் பேசறதுக்கு யாருங்க இருக்கா? நான் பேசறது தொந்தரவுன்னு என்னைப் பின்னால தாட்டி உட்டானல்ல, அந்த மாதிரிச் சொல்லக்கூட எனக்கு வேற ஆளில்லீங்க. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு எளநி குடிச்சுட்டு அவன் உள்ள கெடந்தப்ப, பாலிசி ஞாபகமே எனக்கு வரல. வெளிய வந்து டாக்டர் பொழச்சுட்டாருன்னு சொன்ன பொறவுதான் வந்துச்சு.

சரிங்க. நீங்க சொல்றதுதான் சரி. சொல்லிப்போடறேன். ஒரு வார்த்தைதான? வேண்டாம்டா, உன்ர பணத்த நீயே வெச்சுக்கோ, சாவாத. அவ்வளவுதான? ஊர்க்காரன் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறான். ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு முன்னாலயே சொல்லிரோணும். உள்ள போயிட்டா அவன் டாக்டர்கிட்ட வாயத் தொறந்துருவான். எறங்கறப்பவே சொல்லிப்போடறேன்.

காளைமாட்டுச் செலை வந்துருச்சு. கொஞ்சம் வழி உடுங்க தம்பி. உங்க பையப் பாத்து எடுத்துக்கங்க. நீங்க நல்லாருக்கோணும், இத்தனை நேரம் பொறுமையாக் கேட்டீங்க.

டேய் சென்னியா. எந்திரி, எடம் வந்துருச்சு. மொள்ள, அந்தக் கைய ஊனாத, இந்தக் கையக் குடு. யாருகிட்டயா? ஒண்ணுமில்லடா, அந்தத் தம்பிகிட்டச் சும்மா பேசிட்டு வந்தேன். என்ன பாக்கற? ஆமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்டா. காத்தால நீ சொன்னியல்ல, அதப் பத்தித்தான். நான் என்ன சொல்றேன்னா...

டிரைவர் தம்பி, சித்த நிறுத்துப்பா, சீக்காளி எறங்கறாரு!

என்ன சொல்றேன்னா சென்னியா, இன்னும் ரண்டே மாசந்தான்டா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருடா.